புல்வெளிக் குருவியும் ‘தரிசு’ என்ற சொல்லும்: நீலகிரி எமக்குச் சொல்லும் காணிப் பாடம்

தமிழ்நாட்டின் நீலகிரி மலையுச்சிகளில் ஒரு சிறிய குருவி வாழ்கிறது. தமிழில் அதற்கு நீலகிரி நெட்டைக்காலி என்று பெயர். சிட்டுக்குருவியை விடச் சற்றுப் பெரியது. மண்ணிறமும் கருங்கோடுகளும் கலந்த உடல். காய்ந்த புல்லுக்குள் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. தத்தித் தாவாமல் கால்மாறி நடந்து, புல்லின் அடியில் பூச்சிகளையும் விதைகளையும் பொறுக்கித் தின்னும். கூட்டையும் நிலத்திலேயே, புற்கற்றையின் அடியில் கட்டும். குளிர்காலத்தில் வேறு நாட்டுக்குப் பறந்து போகும் இனமும் அல்ல. பிறந்த மலையிலேயே வாழ்ந்து மடியும்.

உலகத்தில் இந்தக் குருவி இருப்பது தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான். அதிலும் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை மற்றும் அவற்றை ஒட்டிய கேரளத்தின் உயர்மலைகளில் மாத்திரம். அங்கும் மேலே, பெரும்பாலும் இரண்டாயிரம் மீற்றர் உயரத்தை அண்டிய புல்வெளிகளில்தான் அதைக் காணலாம். அந்தப் புல்வெளிகள் சுருங்கச் சுருங்கக் குருவியும் குறைந்துகொண்டு வருகிறது. இதற்கு மேலே ஏறிப் போக மலை இல்லை. கீழே இறங்கிப் போகப் புல்வெளி இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இன்னமும் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்திருக்கும் காலத்தில், பிடிக்கப்பட்ட காணிகள் முழுமையாக விடுவிக்கப்படாத நிலையில், தமிழ்நாட்டு மலையில் இருக்கும் ஒரு குருவியைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் குருவியின் கதை அடிப்படையில் ஒரு காணிக் கதை. ஒரு நிலத்துக்கு அதிகாரம் என்ன பெயர் வைக்கிறது, அந்தப் பெயரை வைத்து அதை யாரிடமிருந்து எடுத்து யாரிடம் கொடுக்கிறது என்ற கதை. அதற்குள் எமது நாட்டிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட மக்களும் இருக்கிறார்கள்.

புல்வெளி என்பது அழிந்துபோன காடு அல்ல

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பள்ளங்களிலும் நீரோடை ஓரங்களிலும் குட்டையான, அடர்த்தியான பசுமைமாறாக் காடு இருக்கும். அதைச் சோலைக்காடு என்கிறார்கள். ஆங்கில அறிவியல் நூல்களிலும் ‘சோலா’ என்ற எமது சொல்லே நிலைத்துவிட்டது. சோலைகளுக்கு இடையில், குன்றுகளின் முதுகிலும் சரிவிலும் பரந்து கிடப்பது புல்வெளி. சோலையும் புல்வெளியும் அருகருகே, கத்தியால் வெட்டி வைத்தது போன்ற எல்லையுடன் இருக்கும்.

முதலில் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ‘ஒரு காலத்தில் முழுவதும் காடாக இருந்திருக்கும், யாரோ வெட்டிவிட்டார்கள், மிஞ்சியது புல்’ என்று நினைப்பார்கள். அது தவறு. நீலகிரியின் சதுப்புக் குழிகளில் படிந்த மண்ணை ஆராய்ந்த அறிவியலாளர்கள், இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். காலநிலை மாற மாற, சோலை சில காலம் விரியும், புல் சில காலம் விரியும். மனிதர் மரம் வெட்டியதால் உண்டானது அல்ல இந்தப் புல்வெளி. திறந்த சரிவுகளில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும்போது மரக்கன்றுகள் கருகிப்போகின்றன. புல் தாங்கிக்கொள்கிறது.

இந்தப் புல்வெளிதான் தண்ணீரின் தாய்மடி. பருவமழையை உறிஞ்சி, சதுப்புகளில் தேக்கி, கோடையிலும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பவானியும் மோயாறும் இந்த மலைகளில்தான் ஊற்றெடுக்கின்றன. இரண்டும் சேர்ந்து காவிரிக்குப் போகின்றன. வரையாடு மேய்வதும் இங்கேதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி விரிவதும் இந்தச் சரிவுகளில்தான். 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கிறார்கள். ஒரு திணைக்கே பெயர் கொடுத்த பூ வளரும் நிலத்தை, அரச ஆவணங்கள் என்ன பெயரில் அழைத்தன என்பதைப் பார்ப்போம்.

‘தரிசு’ ஆக்கப்பட்ட வரலாறு

1819இல் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜோன் சல்லிவன் நீலகிரி மலைக்கு ஏறினார். சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் வெள்ளையரின் குடியிருப்பு உருவானது. மேலே வந்தவர்கள் கண்டது மரமில்லாத பரந்த சரிவுகளை. ஐரோப்பியக் கண்ணுக்கு அது பயன்படாமல் கிடக்கும் நிலம். வேலி இல்லை, உழவு இல்லை, ஆகவே உரிமையாளரும் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அங்கே மக்கள் இருந்தார்கள். தோடர்கள் தங்கள் எருமைகளை அந்தப் புல்வெளிகளில்தான் மேய்த்தார்கள். அவர்களுடைய வாழ்க்கை, சடங்கு, கோயில் எல்லாமே எருமையையும் புல்லையும் சுற்றியவை. கோயிலுக்குக் கூரை வேய்வதும் மலைப் புல்லால்தான். பருவத்துக்கு ஏற்ப இடம் மாறி மேய்த்ததால் ஒரு சரிவு சில மாதம் வெறுமையாகத் தெரியும். வெறுமையாகத் தெரிந்த இடம் ‘வெறும் நிலம்’ என்று பதியப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவுஸ்திரேலியாவிலிருந்து யூக்கலிப்டஸும் வாட்டில் எனப்படும் சீகை மரமும் கொண்டுவந்து நடப்பட்டன. குடியேறியவர்களுக்கும் படையினருக்கும் விறகு வேண்டியிருந்தது. கூடவே சரிவுகளில் தேயிலை ஏறியது. நீலகிரியில் யூக்கலிப்டஸைக் கற்பூர மரம் என்பார்கள். இன்று ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ‘இயற்கைக் காடு’ என்று படம் பிடிப்பதில் பெரும்பகுதி இந்த வெளிநாட்டு மரங்கள்தான்.

இதே சிந்தனை இதே காலத்தில் இலங்கையிலும் சட்டமானது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம் யாவும், வேறொருவர் நிரூபிக்கும்வரை முடிக்குச் சொந்தம் என்றது. 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. அறிவித்தல் போடு, மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் காணி அரசுக்கு என்பதே அதன் சாரம். அந்த இடத்துக்கு 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது.

வாசகர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது. 2025 மார்ச் 28ஆம் திகதி, வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி தொடர்பில் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல் இந்தச் சட்டத்தின் கீழ்தான் போடப்பட்டது. அதே மூன்று மாத அவகாசம். உறுதிகளை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும், வெளிநாட்டில் இருப்பவர்களும், உரிமையாளர் இறந்துபோன குடும்பங்களும் மூன்று மாதத்துக்குள் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது என்ற கேள்வி எழுந்தது. கடும் எதிர்ப்புக்கும் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுக்கும் பின்னர் அது மீளப்பெறப்பட்டது. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. நீலகிரியில் தோடரின் மேய்ச்சல் நிலத்தை ‘யாருமற்ற நிலம்’ என்று கண்ட அந்தக் கண்ணாடியைத்தான் இங்கே இன்னமும் அதிகாரிகள் அணிந்திருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பின்னரும் மாறாத பார்வை

வெள்ளையர் போன பின்பு புல்வெளிக்கு நல்ல காலம் வரவில்லை. உண்மையில் பெரிய அழிவு அதற்குப் பின்னர்தான் நடந்தது. 1950கள் தொடக்கம் செயற்கை இழை ஆலைகளுக்கும் கடதாசி ஆலைகளுக்கும் மரக்கூழ் வேண்டும், தோல் பதனிடுவதற்குச் சீகைப் பட்டை வேண்டும் என்று வனத்துறையே திட்டம் போட்டுப் புல்வெளிகளில் மரம் நட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களில் அது ‘அபிவிருத்தி’ என்று எழுதப்பட்டது. ஆலைகளுக்கு மரம் மலிந்த விலையில் போனது. மலைக்குக் கிடைத்தது வற்றிய ஓடை.

நீலகிரியில் யூக்கலிப்டஸ் நட்ட நீரேந்துப் பகுதியையும் புல்வெளியாகவே விடப்பட்ட நீரேந்துப் பகுதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நீண்டகாலம் அளந்து பார்த்திருக்கிறார்கள். மரம் நட்ட இடத்தில் ஓடைநீர் குறைந்தது. வெட்டிய அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்த்த இரண்டாம் சுற்றில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. மரம் நட்டால் மழை வரும், தண்ணீர் பெருகும் என்ற பொதுவான நம்பிக்கை எல்லா நிலத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இது நேரடிச் சான்று.

புல்வெளி எவ்வளவு போயிருக்கிறது? 2018இல் வெளியான ஓர் ஆய்வு, செய்மதிப் படங்களை வைத்துப் பழனிமலையைக் கணக்கிட்டது. நான்கு தசாப்தங்களில் அந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. மரத்தோட்டங்களும் விவசாயமுமே முதன்மைக் காரணங்கள். அதே ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்பகுதிகளை விரிவாகப் பார்த்தபோது, 44 ஆண்டுகளில் மலைப் புல்வெளியின் 23 சதவீதத்தை வெளிநாட்டு மரங்கள் விழுங்கியிருப்பது தெரிந்தது. அவ்வளவு காலமும் சோலைக்காட்டின் பரப்பு பெரிதாக மாறவில்லை. அதாவது, எல்லோரும் காட்டைக் காப்பாற்றுவதில் கண்ணாக இருக்க, புல்வெளி பக்கத்திலேயே போய்விட்டது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். மரம் நடுவதை நிறுத்தினால் மரம் பரவுவது நின்றுவிடாது. சீகை மரத்தின் விதை பல தசாப்தங்கள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். ஒரு மரத்தை வெட்டி வெயில் பட்டதும், அல்லது தீப்பட்டதும், நூற்றுக்கணக்கில் முளைக்கும். 1980களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டு மரங்களை நடுவது படிப்படியாகக் கைவிடப்பட்ட பின்னரும் சரிவுகள் தொடர்ந்து மூடப்பட்டுக்கொண்டே வருகின்றன.

தீவுகளில் அடைபட்ட குருவி

நெட்டைக்காலிக்கு மரம் எதிரி அல்ல. ஆபத்து வந்தால் பக்கத்துப் புதரிலோ மரத்திலோ போய் அமர்ந்துகொள்ளும். ஆனால் இரை தேடவும் கூடு கட்டவும் திறந்த புல்வெளி வேண்டும். சிறு சதுப்புகள் உள்ள, ஈரம் காயாத புல்வெளி என்றால் அதற்கு இன்னும் விருப்பம். சீகை மரத்தின் நிழலில் அந்தப் புல் வளராது. அடியில் வெறும் சருகு.

மலையுச்சிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் ஆழமான பள்ளத்தாக்குகள், வெப்பமான சமவெளிகள். ஆகவே ஒவ்வோர் உச்சியும் கடலில் ஒரு தீவைப் போல. அறிவியலாளர்களும் இவற்றை வானத்துத் தீவுகள் என்றே அழைக்கிறார்கள். தீவுக்குள்ளும் புல்வெளி துண்டு துண்டாகிவிட்டால், குருவி துண்டுகளுக்குள் அடைபடும். ஒரு துண்டில் அழிந்தால் இன்னொன்றிலிருந்து வந்து நிரப்ப முடியாது. உயரமான இடத்தில் பரந்த புல்வெளி எஞ்சியுள்ள பகுதிகளிலேயே இந்தக் குருவி தாக்குப்பிடிக்கிறது என்று அதன் பரம்பலை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் கேரளத்தின் இரவிகுளமும் அப்படிப்பட்ட புகலிடங்கள்.

காலநிலை மாற்றம் இதன்மேல் இன்னொரு சுமை. வெப்பம் கூடக் கூட உறைபனி விழும் இரவுகள் குறையும். உறைபனி குறைந்தால் மரக்கன்றுகள் மேலே மேலே ஏறும். சமவெளிப் பறவையென்றால் வேறு பக்கம் நகரலாம். ஏற்கெனவே உச்சியில் இருக்கும் பறவை எங்கே நகரும்?

வரையாட்டுக்கு ஒரு திட்டம், குருவிக்கு?

தமிழ்நாடு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாநில விலங்கான வரையாட்டைப் பாதுகாக்கத் தனித் திட்டம் ஒன்றை 2022இல் அறிவித்து, அடுத்த ஆண்டில் தொடங்கியது. வரையாட்டின் வாழிடம் புல்வெளியாகையால், புல்வெளியை மீட்பது திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆகவும் 2025இல் 1,303 ஆகவும் வரையாடுகள் எண்ணப்பட்டன. குருவிக்கு இதனால் நன்மை உண்டு. 2022இலேயே அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையும் வெளியிடப்பட்டது. இவற்றை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றமும் தொடர்ந்து அழுத்தம் கொடுத்து வந்தது. அதே நீதிமன்றத்தின் உத்தரவால்தான் 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் அதே 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கியது. மாநிலத்தின் மரப்பரப்பைப் பத்து ஆண்டுகளில் 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. நாட்டின் காட்டுப் பரப்பை அளக்கும் முறையில், விதானம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அது காடு. யூக்கலிப்டஸ் தோட்டமும் காடு, தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல்மரமும் கணக்கில் சேரும். புல்வெளி எவ்வளவு வளமாக இருந்தாலும் அந்தக் கணக்கில் பூச்சியம். இன்னொரு பக்கம், இந்தியாவின் தரிசு நில வரைபட ஏட்டில் புல் மண்டிய நிலங்கள் பலவும் ‘தரிசு’ வகையில் போடப்பட்டிருக்கின்றன. ஆக, ஒரு சரிவில் சீகை மரத்தை அகற்றிப் புல்வெளியை மீட்டால், பதிவேட்டில் காடு குறைந்து தரிசு கூடியதாக வரும். நல்லது செய்யும் அதிகாரிக்குக் கணக்கில் நட்டம் காட்டும் முறை இது.

ஒரு விலங்கையோ பறவையையோ காப்பாற்ற வேண்டுமென்றால், முதலில் அது வாழும் நிலத்துக்குச் சரியான பெயர் வைக்க வேண்டும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

வெட்டினால் போதுமா?

‘அப்படியென்றால் வெளிநாட்டு மரங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டியதுதானே’ என்பது அடுத்த கேள்வி. அங்கேயும் எளிய விடை இல்லை. பழைய சீகைத் தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வளர்ந்திருக்கின்றன. அங்கே ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போய்விடும். புல்வெளிக்குள் புதிதாக நுழையும் இளம் மரங்களை முதலில் பிடுங்குவது, முற்றாக மூடிய தோட்டங்களைப் பிறகு பார்ப்பது என்பதே விடயமறிந்த பலரின் நிலைப்பாடு. பிடுங்கிய பிறகும் ஆண்டாண்டாகத் திரும்பி வந்து முளைகளை அகற்ற வேண்டும். உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். ஒரு தேர்தல் காலத்துக்குள் படம் எடுத்துக் காட்டக்கூடிய வேலை அல்ல.

இன்னொன்று விறகு. மலையில் வாழும் ஏழைக் குடும்பங்கள் பல, சீகை விறகிலும் அதை வெட்டும் கூலியிலும் சீவிக்கின்றன. காட்டிலாகா அவர்களைக் கேட்காமல் திட்டம் போட்டால், மரம் போகும்போது அடுப்பும் அணையும்.

தோடர்களின் நிலை இன்னும் கூர்மையானது. அவர்கள் பருவத்தில் புல்லைச் சிறு துண்டுகளாக எரிப்பதையும் பரந்து மேய்ப்பதையும் வனச் சட்டம் குற்றமாக்கியது. மேய்ச்சல் நிலங்களில் மரம் நடப்பட்டது. எருமைகள் குறைந்தன. இன்று அவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. புல்வெளியை நூற்றாண்டுகளாக அறிந்தவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டு, புல்வெளி ஏன் மாறிப்போனது என்று பின்னர் ஆய்வு செய்வது நடக்கிறது. தீயும் மேய்ச்சலும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் சூழலியலாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் அந்த விவாதத்தில் தோடர்களுக்கு ஒரு கதிரை இருக்க வேண்டும் என்பதில் விவாதம் இருக்க முடியாது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. நடைமுறைதான் மலையேறத் தயங்குகிறது.

எங்களிடமிருந்து போனவர்கள்

இந்த மலையில் எமது ஆட்களும் இருக்கிறார்கள் என்று தொடக்கத்தில் சொன்னோம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர் 975,000 பேரின் தலைவிதியைத் தீர்மானித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். எவரிடமும் விருப்பம் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் போனவர்கள் நான்கு இலட்சத்துக்கும் மேல். இந்திய ஆவணங்கள் அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. இலங்கையில் பிறந்து, இலங்கையை மட்டுமே கண்டவர்கள் எங்கிருந்து எங்கே திரும்பினார்கள் என்பதை அந்தச் சொல் விளக்கவில்லை.

அவர்களைக் குடியமர்த்துவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் வனநிலத்தைத் திருத்தித் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், சுருக்கமாக டேன்டீ, ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கங்களில் லயங்கள் எழுந்தன. பதுளையிலும் ஹற்றனிலும் கொழுந்து பறித்த அதே விரல்கள், அதே மாதிரியான லயத்திலிருந்து, வேறொரு மலையில் கொழுந்து பறித்தன. உள்ளூரில் அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயர்.

இப்போது தேயிலையில் நட்டம் என்று கழகம் சொல்கிறது. 2022இல் இரண்டாயிரம் ஹெக்டேயருக்கும் மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. சூழலியல் நோக்கில் பார்த்தால், கைவிடப்பட்ட தேயிலை மீண்டும் காடாவது நல்ல செய்தி. ஆனால் அந்தத் தேயிலைக்குள் லயம் இருக்கிறது. லயத்துக்குள் மூன்றாம் தலைமுறை இருக்கிறது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்ற தோட்ட முறை அங்கேயும் அப்படியே. பலரிடம் பட்டா இல்லை. கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலச் சட்டத்தின் சிக்கல் தசாப்தங்களாகத் தீராமல் கிடக்கிறது.

இந்த இடத்தில் சிலர் சுற்றுச்சூழலையும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்துவார்கள். அது பிழையான கணக்கு. மலையைத் திருத்தித் தேயிலை போடும் முடிவையோ, புல்வெளியில் சீகை நடும் முடிவையோ அந்த மக்கள் எடுக்கவில்லை. ஒரு நாடு வேண்டாம் என்று அனுப்பி, இன்னொரு நாடு ‘சும்மா கிடந்த நிலம்’ என்று கருதியதில் கொண்டுபோய் இருத்தியது. அரசு செய்த தவறைத் திருத்துவதற்கான விலையை அவர்கள் செலுத்தக் கூடாது. வீட்டுக்கும் காணிக்கும் உறுதி கொடுத்துவிட்டு, காட்டையும் புல்வெளியையும் மீட்கும் வேலையிலேயே அவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். முளை பிடுங்குவதும் நாற்றங்கால் போடுவதும் பல ஆண்டுகள் ஆட்கள் தேவைப்படும் வேலைகள். மலையைக் கையால் அறிந்தவர்கள் அவர்களைவிட வேறு யார்?

அந்த மக்களுக்கும் போரால் பாதிக்கப்பட்ட எமக்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1958இலும் 1977இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரே லயத்தில் பிறந்த சகோதரங்களில் ஒருவர் நீலகிரிக்கும் இன்னொருவர் வன்னிக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. வன்னிக்கு வந்தவர்கள் கடைசியில் முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்தார்கள்.

எமக்கான கேள்வி

நீலகிரி நெட்டைக்காலி இலங்கையில் இல்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் உயிரியலாளர்கள் ஒரே பல்லுயிர் வலயமாகத்தான் கணக்கிடுகிறார்கள். இரண்டு மலைத்தொகுதிகளும் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. இலங்கையின் மத்திய மலைகள் 2010இலும் மேற்குத் தொடர்ச்சி மலை 2012இலும் சேர்க்கப்பட்டன. ஹோட்டன் சமவெளியிலும் இதே போன்ற உயர்மலைப் புல்வெளி உண்டு. அங்கேயும் ஐரோப்பாவிலிருந்து வந்த முட்புதர் பரவியிருக்கிறது. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் பைன் மரம் நட்டதும், நட்ட பிறகு ஊற்றுகள் வற்றியதாக மக்கள் முறையிட்டதும் மலையக வாசகர்களுக்குப் புதிதல்ல.

வடக்கு கிழக்கில் கதை மறுபக்கமாக நடக்கிறது. நீலகிரியில் மக்கள் பயன்படுத்திய நிலத்தைத் ‘தரிசு’ என்று சொல்லி எடுத்தார்கள். இங்கே மக்கள் பயன்படுத்திய நிலத்தைக் ‘காடு’ என்று சொல்லி எடுக்கிறார்கள். போரால் இடம்பெயர்ந்து இருபது, முப்பது ஆண்டுகள் திரும்ப முடியாமல் போன வயலிலும் மேட்டுக்காணியிலும் பற்றை வளர்ந்தது. திரும்பி வந்தபோது அதில் எல்லைக்கல் நின்றது. வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் செய்மதிப் படத்தில் கண்ட பச்சையைப் பார்த்து எல்லை போட்டன. பற்றைக்குள் இருந்த கிணற்றுக்கட்டும் தென்னை வரிசையும் செய்மதிக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை.

இதனால் எம்மில் பலருக்குச் சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. திணைக்களத்தின் மீதுள்ள கோபம் காட்டின் மீதான கோபமாக மாறிவிட்டால், எமது குளங்களின் நீரேந்துப் பகுதிகளிலும் ஆற்றுமணலிலும் கண்டல் காடுகளிலும் கைவைப்பவர்களைத் தட்டிக்கேட்க எம்மிடம் சொல் இருக்காது. காணியைப் பிடிக்கும் அரசும் மணலை அள்ளும் வியாபாரியும் ஒரே நிலத்தைத்தான் எம்மிடமிருந்து எடுக்கிறார்கள்.

நீலகிரியின் அனுபவம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் காட்டுகிறது. முதலாவது, நிலத்தின் வகையைத் தீர்மானிக்கும்போது அதன் வரலாறு தெரிந்த மக்களிடம் கேட்க வேண்டும். தோடரிடம் கேட்டிருந்தால் புல்வெளி வெறும் நிலம் அல்ல என்று சொல்லியிருப்பார். முல்லைத்தீவில் ஒரு வயோதிபரைக் கேட்டால் எந்தப் பற்றைக்குள் எவருடைய கிணறு இருக்கிறது என்று சொல்வார். இரண்டாவது, எமது பக்கத்திலும் பதிவு வேண்டும். எந்தக் காணி எப்போது வயலாக இருந்தது, எந்தத் தரவை மேய்ச்சலுக்கு விடப்பட்டது, எந்தக் குளம் எந்த ஊருக்கு என்ற விபரங்களை கிராம மட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். வயோதிபர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. மூன்றாவது, உண்மையான காட்டையும் சதுப்பையும் தரவையையும் காப்பது எமது உரிமைக் கோரிக்கையின் ஒரு பகுதியாக வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். அப்போதுதான் ‘இவர்கள் காட்டை அழிக்கக் கேட்கிறார்கள்’ என்ற பழி எடுபடாது. நான்காவது, மூன்று மாத அறிவித்தலில் காணியை இழக்கச் செய்யும் காலனிக்காலச் சட்டம், இடம்பெயர்ந்த மக்களின் நிலைமைக்கேற்ப மாற்றப்பட வேண்டும். ஒரு வர்த்தமானியை மீளப்பெற்றதோடு அந்தக் கோரிக்கை ஓயக்கூடாது.

நீலகிரியில் கோடை மழைக்காலம் தொடங்கும்போது நெட்டைக்காலி புல்லின் அடியில் கூடு கட்டும். இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். அந்தப் புற்கற்றை அடுத்த ஆண்டும் அங்கே இருக்குமா என்பதை அந்தக் குருவி தீர்மானிப்பதில்லை. கீழே ஓர் அலுவலகத்தில், அந்தச் சரிவுக்கு எதிரே எந்தச் சொல்லை எழுதுகிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. எமது காணிகளுக்கு எதிரே எழுதப்படும் சொல்லையும் நாம் போய்ப் பார்க்க வேண்டும். பிழையாக இருந்தால் திருத்தும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பக்கூடாது.